ஸ்டிக்கரில் 150, கையில் 73: உம்மாவின் ஆக்சிஜன் மெஷினுக்கு பேட்டரி போட்ட பதிவு

போன செவ்வாய்க்கிழமை காலை 9:10க்கு எங்கள் தெருவில் கரண்ட் போனது. துணைமின் நிலையப் பராமரிப்பு என்று முந்தின நாளே பேப்பரில் வந்திருந்தது. திரும்பி வந்தது மாலை 3:35க்கு. ஆறு மணி இருபத்தைந்து நிமிஷம். அவ்வளவு நேரமும் உள் அறையில் உம்மாவின் ஆக்சிஜன் மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. மதியம் லுஹர் பாங்கு சொன்னபோது உம்மா கண்ணைத் திறந்து, "கரண்டு வந்துருச்சா வாப்பா?" என்று கேட்டார்கள். இன்னும் வரவில்லை என்றேன். ஃபேனை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்கள்.

இந்த இடத்துக்கு வர எனக்குப் பத்து மாதம் ஆனது. நடுவில் இரண்டு தடவை தப்பான சாமான் வாங்கினேன். வீட்டில் நோயாளி வைத்திருக்கிறவர்கள் இங்கே கரையோரம் முழுக்க இருக்கிறார்கள். கடைக்காரர் சொல்லும் கணக்கை மட்டும் நம்பி பேட்டரி வாங்கினால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்காகத்தான் எழுதி வைக்கிறேன்.

உம்மாவுக்கு நுரையீரல் பாதிப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து 2024 ஆகஸ்டில் கீழக்கரைக்குக் கூட்டி வந்தபோது, நாளைக்குப் பதினாறு மணி நேரமாவது ஆக்சிஜன் வேண்டும், 2 லிட்டரில் வையுங்கள் என்று டாக்டர் சொன்னார். 5 லிட்டர் கான்சென்ட்ரேட்டர் ஒன்று வாங்கினோம். உள்ளே ஒரு கம்ப்ரஸர் ஓடி, அறைக் காற்றை இழுத்து, நைட்ரஜனைப் பிரித்துவிட்டு ஆக்சிஜனைச் செறிவாகத் தரும் பெட்டி. கரண்ட் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டிதான்.

வீட்டில் ஏற்கெனவே 900 விஏ இன்வெர்ட்டரும், இரண்டரை வருஷம் ஓடிய 12 வோல்ட் 150 ஏஹெச் ட்யூபுலர் பேட்டரியும் (ஈயமும் அமிலமும் உள்ள வகை) இருந்தன. விஏ என்பது இன்வெர்ட்டர் தாங்கும் லோடின் அளவு, ஏஹெச் என்பது ஆம்பியரை மணியால் பெருக்கிச் சொல்லும் பேட்டரிக் கொள்ளளவு. மெஷினை அதில் மாட்டினேன். முதல் நாளே 'கொர்ர்' என்று ஒரு சத்தம். பத்து நிமிஷத்தில் பின்பக்கம் கை வைக்க முடியாத சூடு. அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், லைனில் வருவது போல வளைவான அலையாக (சைன் வேவ்) இல்லாமல் கட்டம் கட்டமாகக் கரண்ட் தருவது. ஃபேனும் லைட்டும் அதைப் பொறுத்துக்கொள்ளும், கம்ப்ரஸர் மோட்டார் பொறுக்காது. மெஷின் விற்றவரிடம் கேட்டதும், "சைன் வேவ் இல்லாம ஓட்டாதீங்க, மோட்டார் போயிரும்" என்றார். அன்றைக்கே ராமநாதபுரம் போய் 12 வோல்ட் 1100 விஏ சைன் வேவ் ஒன்று 7,800 ரூபாய்க்கு வாங்கினேன். அங்கேயே 24 வோல்ட் மாடலும் இருந்தது. இருக்கும் ஒரு பேட்டரிக்கு 12 போதும் என்று நினைத்ததுதான் முதல் தவறு.

கடை அண்ணனிடம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டேன். கால்குலேட்டரைத் தட்டினார். "150ஐ 12ஆல பெருக்குங்க தம்பி, 1800. உங்க லோடு 390 வாட்டுன்னு வைங்க. நாலரை மணி நேரம் அசையாது." துபாயில் இருக்கிற காக்காவும் (என் அண்ணன்) போனில் இதையேதான் கேட்டிருந்தார்: "வேற ஒண்ணும் வேணாம், எவ்ளோ நேரம் தாங்கும்னு மட்டும் சொல்லுடா." நாலரை மணி நேரம் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பரில் ஒருநாள் சாயங்காலம் மஃரிப் பாங்கு சொல்லும்போது கரண்ட் போனது. ராத்திரி இஷா தொழுகை முடிந்து ஆட்கள் தெருவில் வந்துகொண்டிருந்தபோது இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் அணைந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன்: 1 மணி 50 நிமிஷம். உடனே சிலிண்டருக்கு மாற்றினேன். பி டைப் சிலிண்டர் ஒன்று எப்போதும் கட்டில் பக்கத்தில் நிற்கும். நிறைந்திருந்தால் 1500 லிட்டர், 2 லிட்டர் ஓட்டத்தில் பன்னிரண்டு மணி நேரம் வரும். பேட்டரியை எவ்வளவு நன்றாகக் கணக்கிட்டாலும் இந்தச் சிலிண்டரை எடுத்துவிடாதீர்கள்.

நாலரை எப்படி ஒன்றே முக்கால் ஆனது? அப்போது எனக்குப் புரியவில்லை. பேட்டரி பழசு என்று முடிவு கட்டினேன். இது இரண்டாவது தவறுக்குக் கூட்டிக்கொண்டு போனது. அக்டோபரில் 15,600 ரூபாய்க்குப் புதிதாக ஒரு 150 ஏஹெச் வாங்கி, பழையதற்குப் பக்கத்தில் வைத்து, பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ் சேர்த்துக் கட்டினேன். 300 ஏஹெச் ஆகிவிட்டது, இனி கவலை இல்லை என்று தூங்கினேன்.

2024 நவம்பர் 20. பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் மேகம் உடைந்தது போலக் கொட்டிய நாள். ராமேஸ்வரத்தில் மட்டும் 40 செ.மீ.க்கு மேல். இங்கேயும் தெருவில் தண்ணீர் ஓடியது. பகலில் போன கரண்ட் வர 6 மணி 20 நிமிஷம் ஆனது. என்னுடைய '300 ஏஹெச்' தாங்கியது 3 மணி 5 நிமிஷம். மீதி நேரம் முழுக்க சிலிண்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு முந்தின வாரம் கொஞ்சம் எடுத்திருந்ததால் சிலிண்டர் நிறைந்திருக்கவில்லை. இந்த மழையில் நிரப்பிக் கொண்டுவர யாரையும் அனுப்பவும் முடியாது. முள் கீழே இறங்குவதைப் பார்க்கும் பயம் இன்னொரு தடவை வேண்டாம் என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். யார் கணக்கும் வேண்டாம், நானே அளப்பது.

மூன்று சாமான் வாங்கினேன். பிளக்கில் சொருகி வாட் பார்க்கும் மீட்டர் 950 ரூபாய். டிசி ஆம்பியர் பார்க்கும் கிளாம்ப் மீட்டர் 3,400. பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை (கிராவிட்டி) வைத்து எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்க்கும் ஹைட்ரோமீட்டர் 160. கிளாம்ப் வாங்கும்போது கவனியுங்கள்: விலை குறைந்தவை பெரும்பாலும் ஏசி மட்டும்தான் பார்க்கும், பேட்டரிக் கம்பிக்கு அது உதவாது. அட்டையில் டிசி ஆம்பியர் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

உம்மாவை வைத்துக்கொண்டு சோதனை செய்ய மனசு வரவில்லை. ஒரு மரப்பலகையில் நாலு ஹோல்டர் அடித்து, 100 வாட் குண்டு பல்பு மூன்றும் 40 வாட் ஒன்றும் மாட்டினேன். இப்போது இந்தப் பல்பு கிடைப்பதே கஷ்டம், பழைய எலக்ட்ரிக்கல் கடை ஒன்றில் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்கள். பேட்டரி சோதனைக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை. கூடாது, குறையாது, ஒரே அளவில் இழுத்துக்கொண்டே இருக்கும்.

முதலில் வீட்டு லோடு. மெஷின் 280க்கும் 330க்கும் நடுவே ஆடியது, உள்ளே வால்வு மாறும்போதெல்லாம் ஏறி இறங்கும். அரை மணி நேரம் ஓடவிட்டுச் சராசரி எடுத்தால் 305 வாட். 2 லிட்டரில் வைத்தாலும் 5 லிட்டரில் வைத்தாலும் எங்கள் மெஷினில் பெரிய வித்தியாசம் இல்லை. பழைய சீலிங் ஃபேன் 72. பல்பு 9. ஆக 386 வாட்.

அப்புறம் பேட்டரிக் கம்பியில் கிளாம்பைப் போட்டேன். 386ஐ 12ஆல் வகுத்தால் 32 ஆம்பியர் வர வேண்டும். மீட்டர் 40 காட்டியது. மிச்ச 8 ஆம்பியரில் ஒரு பங்கு இன்வெர்ட்டர் தனக்காக எடுத்துக்கொள்வது, மீதி லோடில் வோல்ட் 12க்குக் கீழே இறங்குவதால் கூடுவது. கடை அண்ணனின் கணக்கில் இது இல்லை.

அடுத்து பேட்டரி மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர். அத்தனை நாள் கண்ணில் படாத சின்ன எழுத்து: 150 ஏஹெச், பக்கத்தில் சி20. இருபது மணி நேரத்தில் மெதுவாகத் தீர்த்தால்தான் 150 என்று அர்த்தம். அதாவது ஏழரை ஆம்பியர் இழுப்பில். நான் இழுத்தது 40. ஈயப் பேட்டரியை வேகமாக உறிஞ்சினால் அது வைத்திருப்பதை எல்லாம் தராது. புத்தம் புதுசிலேயே 40 ஆம்பியரில் 100 ஏஹெச் கிடைத்தால் பெரிது. அன்றைக்கு என் பழைய பேட்டரி தந்தது 40 ஆம்பியரில் 1 மணி 50 நிமிஷம். பெருக்கிப் பார்த்தேன்: 73 ஏஹெச். ஸ்டிக்கரில் இருப்பதில் பாதிகூட இல்லை.

அந்த 73க்கும் 100க்கும் நடுவில் என்ன தொலைந்தது என்று தேடினேன். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போன கம்பி 6 ஸ்கொயர் எம்எம், போக வர நாலு மீட்டர். 40 ஆம்பியர் ஓடும்போது பேட்டரி முனையில் 11.4 வோல்ட், இன்வெர்ட்டர் முனையில் 10.75. 0.65 வோல்ட் வழியிலேயே போய்விட்டது. பேட்டரியில் இன்னும் சரக்கு இருக்கும்போதே, தீர்ந்துவிட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் கட் செய்திருக்கிறது.

அதில் கம்பியின் பங்கு அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. மீதி எங்கே? மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரி முனையின் ஈயத்திலும் இன்னொன்றை அதில் முடுக்கிய லக்கிலும் (கம்பி நுனியில் மாட்டும் செம்பு வளையம்) வைத்தேன். ஒரு விரல் அகலம்கூட இல்லாத தூரம். அங்கே 180 மில்லிவோல்ட். போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் லக்கின் அடிப்பக்கம் பச்சை பூத்து, உப்பும் அமிலமும் சேர்ந்து ரொட்டித்தூள் மாதிரி அப்பியிருந்தது. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் மூன்று தெருதான் இடைவெளி. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னல் கம்பியே துரு பிடித்து உதிரும். செம்பு லக் மட்டும் என்ன செய்யும்? சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றி, நுரை அடங்கியதும் பழைய பிரஷால் தேய்த்து, துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் ஈயம் மின்னும்வரை தேய்த்து, முடுக்கிய பிறகு மேலே வாசலின் பூசினேன். மறுபடி அளந்தபோது 9 மில்லிவோல்ட். வாசலினை முடுக்கின பிறகுதான் பூச வேண்டும். இடையில் பூசி முடுக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஹைட்ரோமீட்டர். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு என் கைலியில் விழுந்தது. சாயங்காலம் பார்த்தால் அந்த இடத்தில் ஓட்டை. பழைய பேட்டரியின் ஆறு செல்லில் ஐந்து 1.225 காட்டியது, நாலாவது செல் மட்டும் 1.140. அந்த ஒரு செல்தான் நோயாளி. புது பேட்டரியையும் அதனோடு கட்டிவைத்தால் என்ன ஆகும்? கிளாம்ப் சொன்னது: லோடில் புதுசு 27 ஆம்பியர் தருகிறது, பழசு 13. வேலை பூராவும் புதுசின் தலையில்.

எனக்கு அதைவிடப் பெரிய பாடமாகப்பட்டது வேறு. புது பேட்டரியின் கிராவிட்டி காலையில் பார்த்தால் 1.200. நிறைந்திருந்தால் இந்த வகை ட்யூபுலரில் 1.240 வர வேண்டும். வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத பேட்டரி ஏன் நிறையவில்லை? காரணம் சார்ஜர். என் இன்வெர்ட்டர் தருவது 12 ஆம்பியர். 120 ஏஹெச் எடுத்திருந்தால், சேதாரமும் சேர்த்து, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் தொடர்ந்து இருக்க வேண்டும். கடைசியில் நிறையும் கட்டத்தில் ஆம்பியர் தானாகக் குறையும், அதற்கு இன்னும் சில மணி நேரம். மழைக்காலத்தில் நாளைக்கு மூன்று தடவை கரண்ட் போய் வரும் ஊரில் அது எப்போது நிறையும்? பேட்டரியைப் பெரிதாக்கிவிட்டு சார்ஜரைப் பழையபடியே விட்டது, தொட்டியைப் பெரிதாகக் கட்டிவிட்டுப் பழைய சொட்டுக் குழாயிலேயே விட்ட கதை. நவம்பர் 20 அன்று நான் நிறைந்த பேட்டரியோடு தொடங்கவே இல்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் புதிதாகக் கணக்கு போட உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஒரு நாற்பது பக்க நோட்டில் கரண்ட் போன நேரம், வந்த நேரம் எழுதி வைத்திருந்தேன். மொத்தம் 94 தடவை. 71 தடவை அரை மணிக்குள். 17 தடவை அரை மணியிலிருந்து இரண்டு மணி. ஐந்து தடவை இரண்டிலிருந்து நாலு மணி. ஒரே ஒரு தடவை 6:20. பராமரிப்புக்காக நிறுத்தும் நாள் முன்கூட்டியே தெரியும், அதுவும் ஆறு ஏழு மணி நேரம் போகும். ஆகவே ஆறரை மணி நேரம் என்று குறித்தேன். அதற்கு மேல் சிலிண்டர்.

லோடைக் குறைப்பதுதான் மலிவு. சீலிங் ஃபேனை 28 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினேன், 2,900 ரூபாய். 386 வாட் 342 ஆனது. அந்த 44 வாட்டை ஆறரை மணி நேரம் பேட்டரியிலிருந்து தர வேண்டுமானால் அந்தக் காசு போதாது.

அடுத்து 12ஆ 24ஆ. அதே வாட்டுக்கு 24 வோல்ட்டில் ஆம்பியர் பாதி. கம்பியில் தொலைவதும் குறையும், பேட்டரியும் மெதுவாகத் தீரும். இரண்டு பேட்டரியை வரிசையாக (ஒன்றின் பாசிட்டிவை இன்னொன்றின் நெகட்டிவோடு) கட்டுவதால், ஒன்றின் ஆம்பியரே இன்னொன்றிலும் ஓடும், 27க்கு 13 என்ற தகராறு வராது. இன்வெர்ட்டர் எடுப்பதும் சேர்த்து என் லோடுக்கு 24 வோல்ட்டில் 17 ஆம்பியர் என்று கணக்கு வந்தது, பிற்பாடு அளந்தபோதும் 17தான்.

ஆறரை மணி நேரம், 17 ஆம்பியர்: 110 ஏஹெச். இத்தோடு நிறுத்தினால் முதல் வருஷம் மட்டும்தான் சரியாக இருக்கும். பேட்டரி வயதாகித் தன் கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு இறங்கும்போது அதை மாற்றுவது வழக்கம். அந்தக் கடைசி நாளிலும் வேலை நடக்க வேண்டுமென்றால் 1.25ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். பெரிய மின் நிலையங்களுக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்கும் பேட்டரி கணக்கிடுகிறவர்கள் செய்வதும் இதுதான். 138 ஏஹெச் வந்தது. இது 17 ஆம்பியர் இழுக்கும்போது உண்மையில் கிடைக்க வேண்டிய 138, ஸ்டிக்கர் 138 இல்லை.

150 ஏஹெச் ஜோடி 17 ஆம்பியரில் 120 பக்கம்தான் தரும், அந்த 138க்குப் போதாது. 200 ஏஹெச் என்றால், கம்பெனி தரும் டிஸ்சார்ஜ் பட்டியலை வைத்துப் பார்த்ததில், அதே இழுப்பில் ஏறத்தாழ 175. புதுசில் 110 எடுத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம் இருக்கும். அடியோடு காலி செய்யாமல் ஓட்டினால் ஆயுசும் கூடும். வயதாகி 80 சதவீதம் ஆனால் 140. அன்றைக்கும் எனக்கு வேண்டியது 110தான். இரண்டு 200 ஏஹெச் என்று முடிவாயிற்று.

லித்தியத்தையும் விசாரித்தேன். 24 வோல்ட் 100 ஏஹெச்சுக்கு 55,000 சொன்னார்கள். வேகமாக இழுத்தாலும் அது எழுதியிருப்பதைக் கிட்டத்தட்ட முழுசாகத் தரும், சீக்கிரம் நிறையும், தண்ணீர் ஊற்ற வேண்டாம். என் லோடுக்கு 100 ஏஹெச் என்றால் ஆறு மணி நேரத்துக்கும் கீழே. அதற்கு மேல் போக அப்போது கையில் பணம் இல்லை.

பிப்ரவரியில் வேலை ஆரம்பித்தது. 24 வோல்ட் சைன் வேவ் இன்வெர்ட்டர், 15 ஆம்பியர் சார்ஜரோடு, 13,200. 200 ஏஹெச் ட்யூபுலர் ஒன்று 19,800, இரண்டுக்கு 39,600. நாலாவது செல் போன பழையதை எடுத்துக்கொண்டு 2,900 கழித்தார்கள். கடையில் இரண்டு பேட்டரியிலும் தயாரிப்புத் தேதி ஒன்றா என்று பார்த்தேன். முதலில் கொண்டுவந்த ஜோடியில் நாலு மாத வித்தியாசம் இருந்தது, மாற்றித் தரச் சொன்னேன். ஓய்வில் ஒன்று 12.72, இன்னொன்று 12.74. இந்த அளவு ஒற்றுமை இருந்தால் வரிசைக் கட்டுக்குப் போதும்.

இடம் மாற்றினேன். முன்பு பேட்டரி உம்மாவின் அறை மூலையில் இருந்தது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்திலேயே ஆக்சிஜன் மெஷின். இத்தனை நாள் அப்படி வைத்திருந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. கொல்லைப்பக்கம் மாடிப்படிக்குக் கீழே, வெயில் படாத, இரண்டு பக்கமும் காற்றோட்டம் உள்ள, கடல் காற்று நேராக அறையாத இடத்துக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொன்றும் அறுபது கிலோவுக்கு மேல், மச்சானும் பக்கத்து வீட்டுப் பையனும் இல்லாமல் நகர்த்தியிருக்க முடியாது. இன்வெர்ட்டரையும் அங்கேயே சுவரில் மாட்டினேன். பேட்டரிக் கம்பி குட்டையாக இருக்கட்டும், 230 வோல்ட் கம்பி எவ்வளவு நீளமாகப் போனாலும் பரவாயில்லை. 25 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பி நாலு மீட்டர், மீட்டருக்கு 310 வீதம் 1,240. ஈயம் பூசிய லக் எட்டு, 360 ரூபாய். லக்கை சுத்தியலால் தட்டாமல் பட்டறையில் கொடுத்து அழுத்தி வாங்கினேன். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் 63 ஆம்பியர் ஃபியூஸ், 280. உம்மாவின் அறைச் சுவரில் பேட்டரி வோல்ட் காட்டும் சின்ன மீட்டர், 180.

பல்புப் பலகையை மாட்டி சோதனை. ஆறரை மணி நேரம் ஓடவிட்டேன். கடைசியில் லோடோடு 23.6 வோல்ட், கிராவிட்டி 1.175. கம்பியில் இழப்பு 0.05 வோல்ட்கூட இல்லை. கரண்டைப் போட்டபின் முழுசாக நிறைய 11 மணி 40 நிமிஷம். இந்த இரண்டாவது எண்ணையும் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதினேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஏப்ரலில் கிராவிட்டி பார்த்தால் மறுபடி 1.210. கரண்ட் அதிகம் போகாத மாதம். சார்ஜரைச் சந்தேகப்பட்டேன், பேட்டரியைச் சந்தேகப்பட்டேன், இரண்டு நாள் வீணானது. மூன்றாம் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு, தெரு விளக்கெல்லாம் எரியும்போதே, இன்வெர்ட்டரில் 'பேட்டரி' விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாட் மீட்டரைச் சொருகிப் பார்த்தேன். லைனில் 174 வோல்ட். வெயில் காலத்தில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் நேரம். நான் மெஷினுக்கு நல்லது என்று இன்வெர்ட்டரின் பின்பக்க ஸ்விட்சை 'யுபிஎஸ்' என்ற பக்கம் வைத்திருந்தேன். அந்த நிலையில் லைன் வோல்ட் 180க்குக் கீழே போனாலே பேட்டரிக்கு மாறிவிடும். கரண்ட் இருக்கும்போதே ராத்திரிக்கு இரண்டு மூன்று மணி நேரம் பேட்டரி ஓடியிருக்கிறது, யாருக்கும் தெரியாமல். ஸ்விட்சை மறுபக்கம் போட்டால் இன்வெர்ட்டர் 174ஐயும் அப்படியே மெஷினுக்கு விடும், அது கம்ப்ரஸருக்குக் கெடுதல். ஆகவே இன்வெர்ட்டருக்கு முன்னால் 2 கேவிஏ ஸ்டெபிலைசர் ஒன்று வைத்தேன், 4,300. மொத்த லோடே 342 வாட் மட்டும்தானே, சின்னது போதாதா என்று தோன்றும். பேட்டரி நிறையும்போது சார்ஜர் தனியாக ஐந்நூறு வாட்டுக்கு மேல் இழுக்கும், இரண்டையும் கூட்டித்தான் வாங்க வேண்டும். ஒரு வாரத்தில் கிராவிட்டி 1.240க்கு வந்தது.

மொத்தம் ஆனது, மூன்று மீட்டரும் ஃபேனும் சேர்த்து, 63,670. இதில் தவறாக வாங்கிய 7,800 இன்வெர்ட்டரும் 15,600 பேட்டரியும் சேரவில்லை. அவை இரண்டும் இப்போது தங்கச்சி வீட்டில் ஃபேனும் லைட்டும் ஓட்டுகின்றன, அந்த லோடுக்கு நன்றாகவே வேலை செய்கின்றன.

தண்ணீர் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே சில வீடுகளில் ஆர்ஓ தண்ணீரைப் பேட்டரிக்கு ஊற்றுகிறார்கள். நம் நிலத்தடி நீர் உப்பு, ஆர்ஓவில் வடித்த பிறகும் கொஞ்சம் உப்பு நிற்கும், அது தகட்டை அரிக்கும். டிஸ்டில்ட் வாட்டர் கேன் வாங்கி ஊற்றுங்கள். நான் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஊற்றுகிறேன். மாதம் ஒரு தடவை லக்கைத் திறந்து பார்க்கிறேன், கச்சான் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. அப்போதே இரண்டு பேட்டரியின் வோல்ட்டையும் தனித்தனியாகப் பார்த்து எழுதுகிறேன். வித்தியாசம் 0.1 தாண்டினால் ஏதோ ஒரு செல் சோர்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு தடவை செய்வதாக இருந்தால் முதலில் நோட்டும் மீட்டரும், அப்புறம்தான் கடை. ஸ்டெபிலைசரை முதல் நாளே வைப்பேன். பணம் கூடினால் லித்தியத்துக்குப் போவேன், முக்கியமாக அது சீக்கிரம் நிறைவதற்காக. அறிவித்து நிறுத்தும் நாளுக்கு முந்தின ராத்திரி கிராவிட்டி பார்ப்பதை இப்போதே பழக்கமாக்கிவிட்டேன். போன திங்கட்கிழமை ராத்திரி ஆறு செல்லில் பார்த்தது 1.240, மற்ற ஆறில் 1.235.

சிலிண்டருக்கு எப்போது மாறுவது என்பதற்கும் ஒரு கோடு போட்டிருக்கிறோம். சுவர் மீட்டரில் 23.4 வந்தால் இன்வெர்ட்டர் கத்தும்வரை காத்திருக்காமல் மாற்றிவிட வேண்டும். மீட்டருக்குப் பக்கத்தில் மார்க்கரால் எழுதி ஒட்டியிருக்கிறேன், நான் வீட்டில் இல்லாத நேரத்தில் என் மனைவியே பார்த்துச் செய்துவிடுவாள். செவ்வாய்க்கிழமை கரண்ட் வந்தபோது அது 23.6 காட்டியது.

மழைக்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நவம்பரில் மாடிப்படிக்குக் கீழே கணுக்கால் அளவு தண்ணீர் நின்ற தடம் சுவரில் அப்படியே இருக்கிறது. பேட்டரி இப்போது ஒரு செங்கல் உயரத்தில்தான் நிற்கிறது. ஒன்றரை அடிக்கு மரத்தில் ஸ்டாண்ட் சொல்லியிருக்கிறேன், இரும்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆசாரி சனிக்கிழமை வருகிறார்.